எந்த லீக்கிற் சேர்ப்பது?

சில வாரங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வரலாறு படித்தவர். இப்போது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திற் குடும்பத்துடன் வாழ்கிறார். நலம் விசாரித்தபின் அவர் கேட்டிருந்த வினா இது: "சேர், என் மகளுக்குப் பதின்மூன்று வயது. நன்றாக உதைபந்தாடுகிறாள். பெரிய லீக்கைச் சேர்ந்த கழகம் ஒன்று அவளை அழைத்திருக்கிறது. பத்து நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கே சேர்ந்தால்தான் பிற்காலத்திற் பல்கலைக்கழகத்தில் இடமும் புலமைப்பரிசிலும் கிடைக்கும் என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?"

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாணிப்பத்துப் போரைப் படிப்பித்த ஆசிரியனிடம் பந்தாட்டத்துக்கு வழி கேட்கிறாரே என்று எண்ணினேன். ஆனால் கடிதத்தின் பிற்பகுதியைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. புதிய கழகத்தின் மைதானம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பிரயாணம். கிழமைக்கு நான்கு நாள் போய்வர வேண்டும். அதற்காக மனைவி தம் வேலையிற் பாதியை விட்டுவிட வேண்டியிருக்கும். கட்டணத்துக்கும் பிரயாணத்துக்கும் ஆகும் பணம், மூத்த மகனின் மேற்படிப்புக்கெனச் சேர்த்து வைத்ததிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும். ஒரு குடும்பத்தின் நேரம், பணம், இரு பிள்ளைகளின் கல்வி ஆகிய யாவும் அந்த ஒரு முடிவைத் தொட்டு நின்றன. எனவே அந்நாட்டு முறைமையைப் பொறுமையாகப் படித்தறிந்த பின்னரே விடை எழுதினேன். படித்தறிந்ததை நேயர்களுக்கும் இன்று கூற விரும்புகிறேன். நம்மவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்நாட்டில் வளர்கின்றனர். இதே வினா வேறு பல வீடுகளிலும் எழுந்திருக்கக்கூடும்.

முதலில், வினா ஏன் எழுகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டிற் பிள்ளையின் விளையாட்டு பெரும்பாலும் பாடசாலையோடு இணைந்தது. பல்கலைக்கழக அனுமதியோ, சிறிய விலக்குகள் நீங்கலாக, உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றைப் பொறுத்தது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பல்கலைக்கழகங்களே பெரிய விளையாட்டு நிலையங்களாகவும் விளங்குகின்றன. 1906 இல் தொடங்கப்பெற்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக என்.சி.ஏ.ஏ., கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்துப் போட்டிகளை நடத்துகிறது. முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறமைக்கெனப் புலமைப்பரிசில் வழங்கலாம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் அவ்வாறு வழங்குவதில்லை. பல்கலைக்கழகக் கல்விக்கு ஆகும் செலவு அங்கே மிகப் பெரிது. ஆதலால் விளையாட்டின் வழியே ஒரு வாயில் திறக்கும் என்ற நம்பிக்கை பெற்றார் பலரையும் ஈர்க்கிறது.

பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டம் அங்கே தழைத்தோங்கியதற்கு ஒரு சட்டமும் காரணம். அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் என்று வேற்றுமை பாராட்டலாகாது என 1972 இல் ஒரு சட்டம் நிறைவேறியது. அந்நாட்டவர் 'புட்போல்' என்று சொல்வது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அந்த அணியில் மிகப் பல ஆண்கள் இருப்பர். அதற்கு ஈடாகப் பெண்களுக்கும் இடமளிக்க வேண்டிய கல்லூரிகள், நாம் உதைபந்தாட்டம் என்றும் அவர்கள் 'சொக்கர்' என்றும் கூறும் ஆட்டத்திற் பெண்கள் அணிகளை அமைத்தன. இன்று என்.சி.ஏ.ஏ. முதலாம் பிரிவிற் பெண்கள் அணிகள் முந்நூறுக்கு மேல் உள்ளன. ஆண்கள் அணிகள் ஏறத்தாழ இருநூறு. ஆண்பிள்ளையின் பாதையும் பெண்பிள்ளையின் பாதையும் ஒன்றல்ல என்பதை இத்தொகைகளே காட்டும்.

இனி, லீக்குகளின் கதையைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்க உதைபந்தாட்டச் சம்மேளனம் 2007 இல் ஆண்பிள்ளைகளுக்காக 'டெவலப்மென்ட் அக்கடமி' என்னும் உயர்தர அமைப்பை நிறுவியது. சிறந்த கழகங்களை ஒரே வலையிற் சேர்த்து, போட்டிகளைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுவதே அதன் நோக்கம். இரண்டாண்டுகளின்பின், 2009 இல், பெண்களுக்கான நாற்பது கழகங்கள் தாமே ஒன்றுகூடி 'எலைட் கிளப்ஸ் நாஷனல் லீக்' என்பதைத் தொடங்கின. அதனை எல்லோரும் ஈ.சி.என்.எல். என்றே அழைக்கின்றனர்.

டெவலப்மென்ட் அக்கடமியில் ஆடும் பிள்ளைகள் 2012 முதல் ஆண்டிற் பத்து மாதம் கழகத்துக்கே ஆட வேண்டும், பாடசாலை அணிக்குப் பொதுவாக ஆடலாகாது என்று விதிக்கப்பட்டது. 2017 இற் பெண்களுக்கும் அக்கடமி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ஈ.சி.என்.எல். ஆண்களுக்கும் தன் கதவைத் திறந்தது. எது உயர்ந்தது என்று பெற்றார் திண்டாடினர். பெண்கள் அக்கடமியிற் சேர்ந்த கழகங்கள் சில, இரண்டோர் ஆண்டுகளிலேயே ஈ.சி.என்.எல். இற்குத் திரும்பிப் போயின. இறுதியில் 2020 ஏப்பிரல் மாதத்திற் பெருந்தொற்று நாடெங்கும் பரவியிருந்த வேளையில், சம்மேளனம் அந்த அக்கடமி முழுவதையும் மூடிவிட்டது. அதில் இடம்பெறுவதற்காக வீடு மாறியவர்களும் பாடசாலை அணியைத் துறந்தவர்களும், தாம் பற்றிய பெயர் ஒரே நாளில் இல்லாமற் போனதைக் கண்டனர்.

அவ்வெற்றிடத்தை நிரப்ப அதே ஆண்டில் இரண்டு அமைப்புகள் எழுந்தன. ஆண்களுக்காகத் தொழின்முறை லீக்கான எம்.எல்.எஸ்., 'எம்.எல்.எஸ். நெக்ஸ்ட்' என்பதைத் தொடங்கியது. பெண்களுக்காகக் கழகங்கள் சேர்ந்து 'கேர்ல்ஸ் அக்கடமி' என்பதை அமைத்தன. ஆகவே இன்று ஆண்பிள்ளையின் பெற்றார் பெரும்பாலும் எம்.எல்.எஸ். நெக்ஸ்ட், ஈ.சி.என்.எல். என்ற இரண்டையும், பெண்பிள்ளையின் பெற்றார் ஈ.சி.என்.எல்., கேர்ல்ஸ் அக்கடமி என்ற இரண்டையும் ஒப்புநோக்குகின்றனர். இவற்றின் கீழே பிராந்திய லீக்குகளும் மாநில லீக்குகளும் பல படிகளாக உள்ளன.

இவற்றிடையே உள்ள வேறுபாடுகள் யாவை? எம்.எல்.எஸ். நெக்ஸ்டின் உச்சியில், தொழின்முறைக் கழகங்கள் தாமே நடத்தும் அக்கடமிகள் உள்ளன. அவற்றிற் பெரும்பாலும் பிள்ளையிடம் கட்டணம் வாங்குவதில்லை. பிற்காலத்திற் தம் முதல் அணிக்கே ஆட்டக்காரரை உருவாக்குவது அவற்றின் நோக்கம். அதே லீக்கிலுள்ள ஏனைய கழகங்களிற் பெரும்பாலானவை கட்டணம் வாங்குகின்றன. 2025-26 பருவத்திலிருந்து அந்த லீக்கே இரு தட்டுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஆகவே லீக்கின் பெயர் ஒன்றாயினும் தட்டு எது என்று கேட்டறிதல் வேண்டும். ஈ.சி.என்.எல். பாடசாலை அணிக்கு ஆடுவதைத் தடுப்பதில்லை. பல பகுதிகளிற் பாடசாலைப் பருவத்துக்கென இடைவெளியும் விடுகிறது. எம்.எல்.எஸ். நெக்ஸ்டின் மேற்தட்டிலோ ஆண்டு முழுவதும் கழகத்துக்கே ஆடுவது வழக்கம். தன் தோழர் முன்னிலையிற் பாடசாலைச் சட்டையை அணிந்து ஆடும் மகிழ்ச்சி சில பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தோன்றும், சிலருக்குத் தோன்றாது. அதை அப்பிள்ளையே சொல்ல வேண்டும்.

கட்டணம் வாங்கும் கழகங்களில் ஆண்டுக்குச் சில ஆயிரம் டொலர் செலவாகும். விமானப் பயணம், விடுதி, உணவு முதலியனவும் சேர்ந்தாற் பதினாயிரம் டொலரைத் தாண்டும் குடும்பங்களும் உண்டு. இவ்வாறு பணம் கொடுத்து ஆடும் முறை, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை ஒதுக்கிவிடுகிறது என்று அந்நாட்டவரே நெடுங்காலமாகக் குறை கூறி வருகின்றனர்.

உயர்தர லீக் ஒன்று உண்மையில் எதைத் தருகிறது? இரண்டு நன்மைகளைக் குறிப்பிடலாம். முதலாவது, வாரந்தோறும் வலிமையான எதிரணி. எளிய எதிரியை எட்டுக்குப் பூச்சியமாக வெல்வதிற் பிள்ளை கற்றுக்கொள்வது சிறிது. தன்னை நெருக்கும் எதிரியின் முன்னேதான் விரைந்து சிந்திக்கப் பழகுகிறது. இரண்டாவது, பல்கலைக்கழகப் பயிற்றுநர்களின் கண். இந்த லீக்குகள் ஆண்டிற் சில தடவை 'ஷோகேஸ்' எனப்படும் பெருங்கூட்டங்களை நடத்துகின்றன. ஒரே இடத்திற் பல மைதானங்கள். மூன்று நாளில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். பயிற்றுநர் ஒருவர் நாடெங்கும் அலையாது, அங்கே நாற்காலி போட்டு அமர்ந்து பல அணிகளைப் பார்த்துவிடலாம். நேரமும் பணமும் மிச்சமாகும் இடத்துக்கே அவர்கள் வருவார்கள் என்பது இயல்பு. எனவே லீக்கின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் கூறவரவில்லை.

ஆனால் அந்த மதிப்புக்கு மூன்று எல்லைகள் உண்டு. முதலாவது, கழகம் வேறு, அணி வேறு. பெரிய கழகம் ஒன்றில் ஒரே வயதிற்கு இரண்டு மூன்று அணிகள் இருக்கும். முதலாம் அணி தேசிய லீக்கில் ஆட, இரண்டாம் அணி அதே பெயரோடு பிராந்திய லீக்கில் ஆடும். சட்டையும் சின்னமும் ஒன்று, எதிரணிகள் வேறு, பார்க்க வரும் பயிற்றுநர்களும் வேறு. அழைப்பு வந்ததும் கழகத்தின் பெயரைப் பார்த்து மகிழும் பெற்றார், அழைத்தது எந்த அணி என்று கேட்க மறந்துவிடுவது உண்டு.

இரண்டாவது எல்லை, இடம் வேறு, ஆட்டம் வேறு. களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர் பதினொருவரே. அணியில் இருபத்திரண்டு பெயர் இருந்தாற் பாதிப்பேர் வெளியே இருக்க வேண்டும். கணிதம் கற்க வந்த பிள்ளையை ஆண்டு முழுவதும் கரும்பலகைக்கு எதிரே இருத்திவைத்து, ஒரு கணக்கையேனும் தன் கையாற் செய்ய விடாவிட்டால் அது கணிதம் கற்குமா? பந்தைத் தொடாத பிள்ளையும் அப்படித்தான். பெரிய லீக்கின் வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையைவிட, அடுத்த படியிலுள்ள லீக்கில் ஆட்டம் முழுவதும் ஓடும் பிள்ளை வளர வாய்ப்பு மிகுதி. பார்க்க வந்த பயிற்றுநரும் வாங்கில் இருப்பவரைக் குறித்துக்கொண்டு போவதில்லை.

மூன்றாவது எல்லை, பயிற்றுநர். லீக் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதில்லை. கிழமையில் மூன்று நான்கு நாள் மாலையில் அருகே நிற்கும் மனிதர்தான் சொல்லிக்கொடுக்கிறார். பெரிய பெயர் பெற்ற பாடசாலையிலும் அக்கறையற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கக்கூடும். ஓலைக் கொட்டிலிலும் சிறந்த ஆசிரியர் இருக்கக்கூடும். முப்பதாண்டு இத்தொழிலில் இருந்த எனக்கு இதில் ஐயமில்லை. பிழை விட்ட பிள்ளையைக் களத்திலிருந்து இழுத்தெடுப்பவரா, பிழையிலிருந்து கற்க விடுபவரா? அடுத்த ஆண்டும் அவரே இருப்பாரா? இவ்விரண்டு வினாவும் லீக்கின் பெயரைவிட முக்கியமானவை.

பிள்ளையின் உடலையும் மறக்கலாகாது. நீண்ட பிரயாணம் தூக்கத்தைத் தின்னும். மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்பது வளரும் காலுக்குப் பெருஞ்சுமை. முழங்கால் உட்தசைநார் அறுதல் என்னும் காயம், ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்பிள்ளைகளைக் காட்டிலும் பருவமெய்திய பெண்பிள்ளைகளுக்கே அதிகம் நேர்கிறது. அது நேர்ந்தாற் பெரும்பாலும் ஓராண்டளவு ஆட்டம் போய்விடும். உடலை வலுப்படுத்தும் பயிற்சியும் ஓய்வும் கழகத்தின் திட்டத்தில் உண்டா என்று கேட்பது பெற்றாரின் கடமை.

வயதுப்பிரிவு பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் 2017 முதல் பிறந்த ஆண்டைக் கொண்டே அணிகள் பிரிக்கப்பட்டன. அதனால் தை மாதத்திற் பிறந்த பிள்ளையும் மார்கழியிற் பிறந்த பிள்ளையும் ஒரே அணிக்குப் போட்டியிட்டனர். பன்னிரண்டு வயதிற் பதினொரு மாத வேறுபாடு உயரத்திலும் வேகத்திலும் நன்றாகத் தெரியும். தெரிவாளர்கள் பெரிய பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று எண்ணிவிடுகின்றனர். பிந்திப் பிறந்தது பின்தள்ளப்படுகிறது. உலகிற் பல நாடுகளில் ஆய்ந்து கண்ட உண்மை இது. 2026-27 பருவத்திலிருந்து ஓகஸ்ட் முதலாம் நாளை எல்லையாகக் கொள்ள அங்குள்ள பெரிய அமைப்புகள் பல தீர்மானித்தன. எல்லையை எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் ஒரு பிள்ளை நிற்கும். பதின்மூன்று வயதில் மறுக்கப்பட்ட இடம், பதினாறு வயதில் வளர்ச்சி நிரம்பியபின் கிடைப்பதுண்டு. அதுவரை அப்பிள்ளை ஆட்டத்தை வெறுக்காமல் இருப்பதே வேண்டியது.

புகழ்பெற்றோர் எவ்வழி வந்தனர் என்று பார்த்தால், ஒருவர் வழி மற்றவர் வழியாக இல்லை. கிளின்ட் டெம்ப்சி, டெக்சாஸ் மாநிலத்தின் நாக்கடோசஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். மெக்சிக்கோவிலிருந்து வந்து குடியேறியோருடன் ஞாயிறுதோறும் ஆடிப் பழகினார். நல்ல கழகம் டல்லஸ் நகரில் இருந்தது; பெற்றார் ஏறத்தாழ மூன்று மணி நேரம் கார் ஓட்டி அவரை அழைத்துச் சென்றனர். பின் பெரும் பெயரில்லாத பேர்மன் பல்கலைக்கழகத்திற் படித்து, 2006, 2010, 2014 ஆகிய மூன்று உலகக் கிண்ணங்களில் ஆடினார். நெடும் பிரயாணம் வீண் என்று சொல்ல அவர் வரலாறு இடந்தராது. ஆயினும் ஒரு பிள்ளைக்குப் பலித்தது எல்லாப் பிள்ளைக்கும் பலிக்கும் என்று அதைக்கொண்டு சொல்லவும் முடியாது.

கிறிஸ்ரியன் புலிசிக், பென்சில்வேனியாவின் ஹேர்ஷி என்னும் ஊரவர். தொழின்முறைக் கழகம் எதனையும் சாராத பீ.ஏ. கிளாசிக்ஸ் என்ற உள்ளூர்க் கழகத்தில் வளர்ந்து, பதினாறு வயதில் ஜேர்மனியின் டோர்ட்முண்ட் கழகத்துக்குச் சென்றார். நயோமி கிர்மாவின் கதை இன்னும் இனிமையானது. எதியோப்பியாவிலிருந்து குடியேறிய பெற்றாருக்குக் கலிபோர்ணியாவின் சான் ஹோசே நகரிற் பிறந்தவர். தந்தையாரும் அச்சமூகத்துக் குடும்பங்களும் பிள்ளைகள் கூடி ஆடுவதற்கென அமைத்த சிறிய கழகத்தில் அவர் பந்தைத் தொட்டார். பின்னர் பெரிய கழகத்துக்கும், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 2025 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சி கழகம் அவரைப் பத்து இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகைக்குப் பெற்றுக்கொண்டது. பெண்கள் உதைபந்தாட்டத்தில் அத்தொகையைத் தாண்டிய முதல் ஆட்டக்காரர் அவரே. அவரும் பெரிய கழகத்துக்குப் போனவர்தாம். ஆனால் ஆட்டத்தின் மீதுள்ள ஆசை முதலில் வந்தது. பெயர் பின்னர் வந்தது.

இனிப் பல்கலைக்கழகத் தெரிவு எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம். ஒரு காலத்திற் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கே பயிற்றுநர்கள் வாய்மொழி வாக்குக் கொடுத்து வந்தனர். அதைத் தடுக்க 2019 இல் ஒரு விதி வந்தது. அதன்படி முதலாம் பிரிவுப் பயிற்றுநர் எவரும், பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15 வரை, தெரிவு பற்றி அப்பிள்ளையோடு பேசலாகாது. ஆகவே பதின்மூன்று வயதில் "இப்போது சேராவிட்டாற் கதவு மூடிவிடும்" என்று எவரேனும் அவசரப்படுத்தினால், அவர் தம் கழகத்தின் கதவைச் சொல்கிறாரேயன்றிப் பல்கலைக்கழகத்தின் கதவைச் சொல்லவில்லை.

புலமைப்பரிசிலைப் பற்றிய கணக்கையும் அறிதல் நன்று. 2025 வரை முதலாம் பிரிவுக் கல்லூரி ஒன்று ஆண்கள் உதைபந்தாட்ட அணிக்கு மொத்தம் 9.9 முழுப் புலமைப்பரிசில்களும், பெண்கள் அணிக்கு 14 உம் மட்டுமே வழங்கலாம். பயிற்றுநர் அவற்றைத் துண்டு துண்டாகப் பகிர்ந்தளிப்பார். இருபத்தெட்டுப் பேருள்ள அணியில் எல்லோருக்கும் சமமாகப் பகிர்ந்தால், ஆண்பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கும் பெண்பிள்ளைக்கு அரைப் பங்குமே கிடைக்கும். முழுப் பரிசில் பெற்றவர் மிகச் சிலர். 2025 ஜூன் மாதத்தில் நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் இணக்கத்தின்படி, அதில் இணைந்த கல்லூரிகளுக்கு அந்த எல்லை நீங்கியது. அதற்குப் பதிலாக உதைபந்தாட்ட அணியில் 28 பேருக்கு மேல் இருக்கலாகாது என்ற எல்லை வந்தது. பரிசிலுக்குத் தடை நீங்கியதாயினும் பணம் தானாகப் பெருகிவிடாது. அணியில் இடமோ சில கல்லூரிகளிற் குறைந்தே போயிற்று.

இன்னொரு மாற்றமும் உண்டு. ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர் தம் பெயரைப் பதியும் ஏடு ஒன்று 2018 இல் ஏற்படுத்தப்பட்டது. கல்வித் தகைமை உடையவர் எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்று 2024 இல் விதி தளர்ந்தது. இதனால் பயிற்றுநர்கள், பாடசாலையிலிருந்து நேரே வரும் பதினெட்டு வயதுப் பிள்ளையைவிட, வேறு கல்லூரியில் இரண்டாண்டு ஆடிப் பழகியவரை விரும்பி எடுக்கின்றனர். ஆண்கள் அணிகளில் வெளிநாடுகளிலிருந்து வரும் முதிர்ந்த ஆட்டக்காரரும் பலர். வாயில் முன்னிருந்ததைவிட ஒடுங்கியிருக்கிறது என்பதே உண்மை.

அப்படியாயின் ஒடுங்காத வாயில் எது? படிப்புத்தான். ஆசிரியன் ஆகையால் இதைச் சொல்கிறேன் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். ஹாவர்ட், யேல் முதலான ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தே உதவுகின்றன. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளிற் கல்விச் சிறப்புக்கும் வசதிக் குறைவுக்குமென வழங்கப்படும் உதவி, வேறிடத்திற் கிடைக்கும் சிறு துண்டு விளையாட்டுப் பரிசிலைவிட அதிகமாகவும் இருக்கலாம். நல்ல புள்ளிகளுள்ள பிள்ளையைத் தன் அணிக்குக் கேட்பது பயிற்றுநருக்கும் எளிது. அனுமதி அலுவலகம் தடை சொல்லாது. காயம் பட்டு ஆட்டம் நின்றாலும் புள்ளி நிற்கும். கிழமையில் நான்கு நாள் மூன்று மணி நேரம் காரிற் கழித்தால், அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எங்கிருந்து வருகிறது என்று பெற்றார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் எண்ணிப் பார்த்து, என் மாணவருக்குச் சில வினாக்களை எழுதி அனுப்பினேன். உன் மகளை அழைத்தது முதலாம் அணியா, இரண்டாம் அணியா? அந்த அணியில் எத்தனை பேர்? சென்ற ஆண்டு புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் சராசரி எத்தனை நிமிடம் ஆடினர்? அவளைப் பயிற்றப்போகிறவர் யார். அவர் பயிற்றுவதை ஒரு மாலை நின்று பார்த்தாயா? கட்டணம், பிரயாணம், விடுதி, சீருடை எல்லாம் சேர்ந்து ஓராண்டுச் செலவு எவ்வளவு? பாடசாலை அணிக்கு ஆடலாமா? சென்ற மூன்று ஆண்டுகளில் அக்கழகத்தை விட்டுச் சென்ற பிள்ளைகள் எல்லோரும் எங்கே போயினர்? கழகங்கள் சிறந்த ஐந்து பேரின் படத்தைச் சுவரில் மாட்டும். மற்றைய பதினைந்து பேரைப் பற்றி நீதான் கேட்க வேண்டும்.

இறுதியாக ஒன்று எழுதினேன். "தம்பி, உன் நீண்ட கடிதத்தை இருமுறை படித்தேன். லீக்கின் நிலை, கட்டணம், தூரம், மனைவியின் வேலை, மகனின் படிப்பு எல்லாம் அதில் இருந்தன. உன் மகள் என்ன சொல்கிறாள் என்பது மாத்திரம் இல்லை. அவளிடம் கேட்டாயா?"

ஒரு கிழமை கழித்துப் பதில் வந்தது. அவர் கேட்டிருக்கவில்லை. எனது கடிதம் கண்டபின் அன்றிரவே கேட்டாராம். அப்பிள்ளை சிறிது நேரம் சிந்தித்துவிட்டு, "அங்கே போனால் நான் ஆடுவேனா, பார்த்துக்கொண்டிருப்பேனா?" என்று திருப்பிக் கேட்டதாம். மறுநாள் தகப்பனார் கழகத்தை விசாரித்தார். அழைத்தது இரண்டாம் அணி. அதில் ஏற்கெனவே இருபத்தொரு பேர். பிராந்திய லீக்கிலேதான் ஆட்டம். இப்போது மகள் இருக்கும் கழகமும் ஏறத்தாழ அதே தரத்து எதிரணிகளோடுதான் ஆடுகிறது. மைதானம் வீட்டிலிருந்து இருபது நிமிடம். இரண்டாண்டாக அவளை அறிந்த பயிற்றுநர் அங்கே இருக்கிறார். இந்த ஆண்டு அங்கேயே இருப்பது என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்தனர்.

அடுத்த ஆண்டு இதே வினா மீண்டும் எழும். அப்போது முதலாம் அணியிலிருந்து அழைப்பு வரலாம், விடையும் வேறாகலாம். அவள் பதினைந்து வயதை எட்டி, தன் அணியில் தனக்கு நிகரில்லை என்ற நிலை வந்தால், வலிமையான லீக்கைத் தேடிப் போவதே முறை. அன்று தூரமும் செலவும் பொருளுடையனவாகும். பிள்ளை வளர்ந்து படியை வேண்டும்போது படியைத் தேடலாம். படி இருக்கிறதே என்பதற்காகப் பிள்ளையை இழுத்து ஏற்றலாகாது என்பதே இவ்வளவும் படித்தபின் எனக்குத் தோன்றியது.